முழங்கால் நோவும் நம் முயற்சியும்

செஞ்சிக் கோட்டையை அறிந்த அளவிற்குத் தளவானூரை அறிந்தவர் பலரல்லர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், தன் விருதுப் பெயர்களுள் ஒன்றான சத்துருமல்லன் என்பதன் பெயரால் குடைவித்த சத்துருமல்லேசுவரம் என்னும் குடைவரைக் கோயில் அங்குள்ள குன்றில் இருக்கின்றது. கல்லைக் குடைந்த சிற்பிகளின் முழங்கால்கள் எவ்வாறு இருந்தன என்று எந்தக் கல்வெட்டும் கூறவில்லை. அந்தக் குன்றைச் சுற்றியுள்ள வயல்களில் இன்று நாற்று நடுவோரும், மணிலா பறிப்போரும், களை எடுப்போரும் தத்தம் முழங்கால்களைப் பற்றிக் கூறுவதைக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதன் விளைவே இக்கட்டுரை.

சென்ற ஆண்டு அப்பகுதியில் ஆய்வுப் பணிக்குச் சென்றிருந்தபோது, ஐம்பத்தெட்டு வயதான அம்மையார் ஒருவர் சங்க அலுவலகத்தின் படியில் கையூன்றி, ஒரு படி ஏறி நின்று, மறுபடியும் ஒரு படி ஏறி உள்ளே வந்தார். இரண்டு ஏக்கர் புஞ்சை உடையவர். தவணை தவறாத உறுப்பினர். கையிலிருந்த இரண்டு தங்க வளையல்களைக் கழற்றிச் செயலாளரின் மேசைமேல் வைத்து, நகைக்கடன் வேண்டும் என்றார். எதற்கு என்று செயலாளர் வினவினார்.

"வடக்கே வெந்நீர் ஊற்றாம். இருபத்தொரு நாள் அங்கே தங்கிக் குளித்து, எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தால் முட்டி வலி அடியோடு போய்விடுமாம். போக வர, தங்க, எல்லாமாக நாற்பதாயிரம் ஆகும் என்கிறார்கள் ஐயா. மல்லாட்டை பறிக்கக் குந்த முடியவில்லை. கூலிக்கு ஆள் வைத்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை" என்றார்.

செயலாளர் என் முகத்தைப் பார்த்தார். கடன் கொடுப்பதில் விதிப்படி தடை ஒன்றும் இல்லை. நகைக்கு மதிப்பு உண்டு. ஆயினும் அவருடைய கையிருப்பு அவ்வளவே என்பதையும் நாங்கள் அறிவோம். நானோ, வயது ஏறினால் முட்டி தேயத்தான் செய்யும், அதற்கு மருத்துவம் இல்லை என்று ஏதோ அறிந்தவன்போலச் சொல்லிவைத்தேன். அம்மையார் என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்படியானால் நிலத்தை என்ன செய்வது ஐயா?" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. மனுவைப் பத்து நாட்கள் ஒத்திவைக்குமாறு அவரையே வேண்டிக்கொண்டு, அறிந்த மருத்துவர்களையும் இயன்முறைச் சிகிச்சையாளர்களையும் கேட்டும், நூல்களைப் பார்த்தும், இவ்விஷயத்தை ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோல் சரிபார்க்க முற்பட்டேன். நான் கண்டவற்றை நம் உறுப்பினர்கள் அனைவருக்கும் பயன்படும் என்னும் நம்பிக்கையில் ஈண்டுத் தருகின்றேன்.

ஒரு பழைய குறிப்பு

அதற்குமுன் என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ளுதல் முறை. சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் சங்கங்களின் கணக்குகளைப் பார்க்கும் பணியில் இருந்தேன். பட்டு நெசவில் பெயர்பெற்ற ஆரணியை ஒட்டிய ஓரிடத்தில், பள்ளத்தறி ஒன்று மாதக்கணக்காக ஓடாமல் கிடந்தது. "தறி ஓடவில்லை, உறுப்பினருக்கு ஆர்வம் இல்லை" என்று குறித்துவிட்டு வந்தேன். அந்த நெசவாளருக்கு மிதிகட்டையை மிதிக்கும் வலக்கால் முட்டி வீங்கியிருந்தது என்பதும், பள்ளத்தில் இறங்கினால் ஏறுவதற்கு மகனைக் கூப்பிட வேண்டியிருந்தது என்பதும் பின்னர்தான் தெரிந்தன. பாவும் ஊடையும் எவ்வளவு, கூலி எவ்வளவு என்றெல்லாம் கேட்ட நான், ஏன் ஓடவில்லை என்று ஒரு சொல் கேட்கவில்லை. ஆர்வம் இல்லை என்று எழுதப்பட்ட எத்தனை தறிகளின் பின்னால் இவ்வாறு ஒரு முழங்கால் இருக்கின்றதோ!

நோயின் இயல்பு

முழங்கால் மூட்டுத் தேய்வு என்று மருத்துவர் கூறும் இந்நோயைச் சித்த மருத்துவர்கள் அழல் கீல் வாயு என்பர். தொடை எலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் இரண்டின் முனைகளையும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கின்றது. நாளடைவில் இப்போர்வை மெலிந்து வெடிக்கின்றது. அடியிலுள்ள எலும்பு தடிக்கின்றது. ஓரங்களில் முள்போன்ற வளர்ச்சி தோன்றுகின்றது. மூட்டை மூடிய சவ்வு அவ்வப்போது வீங்குகின்றது. காலையில் எழுந்தவுடன் சிறிது நேரம் விறைப்பு, படி இறங்கும்போது வலி, குந்தி எழும்போது 'கடக்' என்னும் ஓசை ஆகியவை இதன் அடையாளங்கள்.

தேய்வு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழுவது, வண்டியின் அச்சு தேய்வதுபோன்ற ஓர் எண்ணம். ஓட ஓடத் தேயும். ஆகவே ஓடாமல் நிறுத்திவைத்தால் மிஞ்சும் என்று கருதிவிடுகின்றோம். இவ்வெண்ணமே பெருந்தீங்கு விளைவிக்கின்றது. அச்சுக்கு உயிர் இல்லை. மூட்டுக்கு உயிர் உண்டு. குருத்தெலும்பினுள் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டினுள் இருக்கும் நீரிலிருந்தே அது தன் உணவைப் பெறுகின்றது. அடியெடுத்து வைக்கும்போது அழுந்துவதும், காலைத் தூக்கும்போது விரிவதுமாக இருந்தால்தான் அந்நீர் உள்ளே சென்று வெளியே வரும். ஈரத்துணியைப் பிழிந்து மீண்டும் நீரில் தோய்ப்பதற்கு இதனை ஒப்பிடலாம். அசைவே இல்லாத மூட்டு பட்டினி கிடக்கின்றது. அதோடு தொடைத் தசையும் சூம்புகின்றது, தசை சூம்பினால் நடையின் அதிர்ச்சி முழுவதும் மூட்டின்மேல் விழுகின்றது, வலி மிகுகின்றது, வலி மிகுந்தவர் மேலும் அசையாதிருக்கின்றார். கடனுக்கு வட்டி, வட்டிக்கு வட்டி என்று வளர்வதைப் போன்றது இது.

பெண்களுக்கு, அதிலும் மாதவிலக்கு நின்ற பின்னர், இந்நோய் மிகுதி. உடல் எடை மிகுந்தவர்க்கும், முன்பு முட்டியில் அடிபட்டவர்க்கும், பெற்றோர்க்கு இந்நோய் இருந்தவர்க்கும் வாய்ப்பு அதிகம். குந்தியும் மண்டியிட்டும் செய்யும் தொழில்களுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு. சீனத்தின் பெய்ஜிங் நகரில் முதியோரை ஆராய்ந்து 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், இளமையில் நாள்தோறும் நெடுநேரம் குந்தியிருந்தவர்களிடம் முழங்கால் தேய்வு மிகுந்து காணப்பட்டது. நம் களைவெட்டும் மணிலா ஆய்தலும் பெரும்பாலும் குந்திய நிலையில் நடப்பவை அல்லவா? பள்ளத்தறியில் அமர்ந்த நெசவாளரோ குந்துவதில்லை. ஆனால் மடங்கிய முட்டியுடன் மணிக்கணக்கில் ஒரே இருக்கையில் இருந்து மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதிக்கின்றார்.

வெந்நீர் ஊற்றுகளின் புகழ்

அம்மையார் கேள்விப்பட்ட வெந்நீர் ஊற்று கற்பனையன்று. பீகாரில் ராஜகிரி, வங்காளத்தில் பக்ரேசுவரம், மகாராஷ்டிரத்தில் வஜ்ரேசுவரி, இமாசலத்தில் மணிகரண் ஆகிய இடங்களில் இயற்கையாகவே வெந்நீர் சுரக்கின்றது. இலங்கையில் திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. இவ்விடங்களில் எல்லாம் கோயிலும் குளியலும் இணைந்தே இருக்கின்றன. ஐரோப்பாவில் இது ஒரு மருத்துவத் துறையாகவே வளர்ந்துள்ளது. ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட்டில் 1913ஆம் ஆண்டு திறக்கப்பட்ட செச்செனி வெந்நீர்க் குளியல் மாளிகை இன்றும் மக்கள் கூட்டத்துடன் விளங்குகின்றது. பிரான்சு நாட்டில் மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மூன்று வாரக் குளியல் சிகிச்சைக்கு அரசுக் காப்பீடு உதவுகின்றது.

இக்குளியல் முழங்காலுக்கு உண்மையில் பயன் தருகின்றதா? அந்தப் பிரான்சு நாட்டிலேயே இதனைச் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். ஏ-லெ-பேன், பலருக், டாக்ஸ் என்னும் மூன்று ஊர்களில் முழங்கால் தேய்வுடைய 462 பேரை இரு பிரிவாகப் பிரித்தனர். இரு பிரிவினரும் வழக்கமான மருந்துகளுடன் வீட்டில் உடற்பயிற்சி செய்யவேண்டும். ஒரு பிரிவினர் மட்டும் கூடுதலாக 18 நாட்கள் வெந்நீர்த் தாரை, பிடித்துவிடுதல், சேற்றுப் பூச்சு, வெந்நீர்த் தொட்டியில் பயிற்சி ஆகியவற்றைப் பெற்றனர். ஆறு மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, குளியலும் பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 51 பேரும், வீட்டுப் பயிற்சி மட்டும் செய்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 36 பேரும் குறிப்பிடத்தக்க நலம் அடைந்திருந்தனர். இம்முடிவு 2010ஆம் ஆண்டு மருத்துவ இதழில் வெளிவந்தது.

இக்கணக்கைச் சற்று நின்று படித்தல் வேண்டும். குளியலால் பயன் இருந்தது என்பது உண்மை. நூற்றுக்கு ஏறத்தாழ பதினைந்து பேர் கூடுதலாக நலம் பெற்றனர். ஆனால் குளியல் பெற்றவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த அளவு நலம் கிட்டவில்லை. அடியோடு போய்விடும் என்பது விளம்பரச் சொல்லேயன்றி வேறில்லை. தேய்ந்த குருத்தெலும்பை எந்த ஊற்றும் மீண்டும் வளர்ப்பதில்லை. மேலும், தாம் குளியல் பெற்றோமா இல்லையா என்பதை நோயாளியிடம் மறைக்க வழியில்லை. வீட்டை விட்டுச் சென்று, உழைப்பின்றி ஓய்ந்திருந்து, பிறர் பேணுதலைப் பெற்ற மகிழ்ச்சியும் அந்த நலத்தில் கலந்திருக்கலாம். எல்லாவற்றினும் நாம் கருத்தில் கொள்ளவேண்டியது ஒன்று: அங்கே குளியலுக்குச் சென்றவர்களையும் பயிற்சியிலிருந்து விடுவிக்கவில்லை. கறிக்கு உப்புப்போல் குளியல் பயன்படலாம், உப்பே உணவாகாது.

வீட்டிலேயே வெந்நீர்

வெந்நீர் என்ன செய்கின்றது? சூடு தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகின்றது. வலியுணர்வைச் சிறிது நேரம் மட்டுப்படுத்துகின்றது. உடல் நீரில் மூழ்கினால் எடை குறைகின்றது. இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் அவர் எடையில் ஏறத்தாழப் பாதியையும், மார்பளவு நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையும்தான் தாங்குகின்றன. ஆகவே தரையில் நடக்க இயலாதவரும் நீரில் நடக்க இயலும். கிராமத்தில் ஏரியும் குளமும் கிணற்றுத் தொட்டியும் உள்ளவர்கள், வழுக்காத இடத்தில், துணையுடன், இடுப்பளவு நீரில் பத்து நிமிடங்கள் முன்னும் பின்னும் நடப்பது நல்ல பயிற்சி. நீந்தத் தெரியாதவர் தனியே இறங்குதல் கூடாது.

சூட்டிற்கும் வடக்கே போகவேண்டியதில்லை. நொச்சி இலையிட்டுக் காய்ச்சிய நீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றடம் கொடுப்பது நம் பாட்டிமார் அறிந்த முறை. தாங்கக்கூடிய சூட்டில் பதினைந்து நிமிட ஒற்றடம், அதன்பின் உடனே பயிற்சி என்று வைத்துக்கொண்டால், சூட்டினால் தளர்ந்த மூட்டு எளிதில் அசையும். எண்ணெய் தேய்த்து மெல்லப் பிடித்துவிடுவதும் இதம் தரும்; முட்டியை முறுக்கி நெட்டி எடுப்பது கூடாது. நீரிழிவு உள்ளவர்க்குப் பாதத்தில் சூடு தெரியாமல் கொப்புளம் உண்டாகும். அவர்களுக்குச் சூட்டைப் பிறர் கைவைத்துப் பார்த்துக் கொடுக்கவேண்டும். இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் நெடுநேர வெந்நீர்க் குளியலை மேற்கொள்ளலாகாது.

நீர்ச் சிகிச்சையை முறைப்படி பெற விரும்புவோர்க்குத் தமிழ்நாட்டிலேயே வழி உண்டு. சென்னை அரும்பாக்கத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் நீர்ச் சிகிச்சையும் மண் சிகிச்சையும் அளிக்கப்படுகின்றன. தாம்பரத்தில் தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் இருக்கின்றது. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெற்று வருகின்றது. வளையலை வைப்பதற்குமுன் இவற்றின் வாயிலை மிதிப்பது நன்று.

நாள்தோறும் ஒரு சேமிப்பு

இனி உடற்பயிற்சிக்கு வருவோம். உலகின் பல நாட்டு மருத்துவச் சங்கங்கள் முழங்கால் தேய்வுக்கு முதலிடத்தில் வைத்திருப்பவை மூன்று: நோயைப் பற்றிய தெளிவு, உடற்பயிற்சி, மிகுந்த எடையைக் குறைத்தல். டென்மார்க்கு நாட்டில் 2013ஆம் ஆண்டு ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினர். நோயாளிகளை ஒன்றுசேர்த்து, நோயைப் பற்றி இரண்டு வகுப்புகளும், ஆறு வாரங்களில் பன்னிரண்டு பயிற்சி வகுப்புகளும் நடத்தும் அம்முறை பின்னர் வேறு பல நாடுகளுக்கும் பரவியது. அதற்கு மாளிகையும் வேண்டியதில்லை. விலையுயர்ந்த பொறியும் வேண்டியதில்லை. ஒரு கூடமும், சில நாற்காலிகளும், சொல்லிக்கொடுக்க ஒருவரும் போதும். இவை மூன்றும் நம் சங்கங்களில் இல்லாதவையா?

இயன்முறைச் சிகிச்சையாளர் எனக்குக் காட்டிய எளிய பயிற்சிகள் ஐந்தினைக் கீழே தருகின்றேன்.

முதலாவது: பாயில் காலை நீட்டி அமர்ந்து, முட்டியின்கீழ் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதனை முட்டியால் கீழ்நோக்கி அழுத்தவேண்டும். ஐந்து எண்ணும்வரை அழுத்திப் பின் தளர்த்துக. தொடையின் முன்பக்கத் தசை கல்போல் இறுகுவதைக் கையால் தொட்டு அறியலாம்.

இரண்டாவது: மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கிக்கொண்டு, நீட்டிய காலை ஒரு சாண் உயரம் தூக்கி, ஐந்து எண்ணி மெல்ல இறக்குக.

மூன்றாவது: நாற்காலியில் அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி இறக்குக. தறியை விட்டு எழுந்த நெசவாளர் திண்ணையில் அமர்ந்தே இதனைச் செய்யலாம்.

நான்காவது: சற்று உயரமான நாற்காலியிலிருந்து, கையூன்றாமல் எழுந்து நின்று மெல்ல அமர்க. முதலில் இயலாதவர் கையூன்றியே தொடங்கலாம். படி ஏறுவதற்கும் பேருந்தில் ஏறுவதற்கும் வேண்டிய வலிமையை இதுவே தருகின்றது.

ஐந்தாவது: சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி, முன்பாதத்தில் நின்று இறங்குக.

ஒவ்வொன்றையும் முதல் வாரத்தில் ஐந்து முறையும், பழகப் பழகப் பத்துப் பன்னிரண்டு முறையும் செய்யலாம். இவற்றோடு சமதரையில் தம்மால் இயன்ற அளவு நடத்தல் வேண்டும். பயிற்சியின்போது சிறிது வலி தோன்றினால் அஞ்சவேண்டியதில்லை. மறுநாள் காலைக்குள் அது தணிந்துவிட்டால் அளவு சரி. மறுநாளும் வலி மிகுந்திருந்தால் அளவைக் குறைக்கவேண்டுமேயன்றி, விட்டுவிடுதல் கூடாது. பயன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். சிக்கன நிதியில் முதல் மாதமே கணக்கைப் பார்த்து ஏமாந்தவர் உண்டோ? சிறுகச் சேர்த்தால்தான் சேரும். நிறுத்திவிட்டால் முன்பு சேர்த்ததும் கரைந்துவிடும்.

எடையைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. முழங்கால் தேய்வுடைய கனத்த உடலினரை அமெரிக்காவில் ஆராய்ந்து 2005ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, உடலில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டியின்மீது விழும் சுமை நான்கு கிலோ குறைகின்றது. ஐந்து கிலோ குறைந்தவர் ஒவ்வோர் அடிக்கும் இருபது கிலோ மூட்டையை இறக்கிவைத்தவர் ஆகின்றார். நெல் மூட்டை சுமந்தவர்க்கு இக்கணக்கை விளக்கவேண்டியதில்லை.

தொழிலில் செய்யவேண்டிய மாற்றங்கள்

தொழிலை விடச் சொல்வது எளிது. விட்டால் உண்பது எவ்வாறு? ஆகவே தொழிலுக்குள்ளேயே மாற்றம் காணவேண்டும். மணிலா ஆய்பவர் குந்தாமல் ஒரு சாண் உயர மணைப்பலகையிலோ, சிறு முக்காலியிலோ அமரலாம். களையெடுப்பவர் நீண்ட கைப்பிடியுள்ள களைக்கொத்தால் நின்றபடி வேலை செய்யலாம். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து பத்தடி நடக்கலாம். பள்ளத்தறியில் அமர்பவர் இருக்கையில் தடித்த திண்டிட்டுச் சற்று உயர்ந்தால் முட்டியின் மடக்கு குறையும். தார் மாற்றும் நேரங்களில் காலை நீட்டி மடக்கலாம். பள்ளத்தில் இறங்கி ஏறுவதற்குப் பக்கத்தில் ஓர் உறுதியான கைப்பிடிக் கட்டை நட்டுக்கொண்டால் மகனைக் கூப்பிடவேண்டியிராது. வீட்டில் குந்தும் கழிப்பிடத்தின்மேல் வைக்கும் நாற்காலி வந்துள்ளது. வயது முதிர்ந்தோர்க்கு அது பேருதவி.

கோல் ஊன்றுவதில் பலர் பிழை செய்கின்றனர். வலக்கால் நோவுமாயின் கோலை இடக்கையிலேயே பிடிக்கவேண்டும். படி ஏறும்போது நல்ல காலை முதலிலும், இறங்கும்போது நோவுள்ள காலை முதலிலும் வைக்கவேண்டும். செஞ்சி இராசகிரிக் கோட்டைக்கு ஏறி இறங்கியவர்கள், ஏறும்போது மூச்சும் இறங்கும்போது முட்டியும் பேசும் என்பதை அறிவர். இறங்கும்போது முட்டியின்மேல் சுமை மிகுதி.

எச்சரிக்கை

முட்டி திடீரெனச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் கண்டால், காலை ஊன்றவே இயலாதுபோனால், முட்டி மடங்கியபடியே பூட்டிக்கொண்டால், அது வேறு நோயாக இருக்கலாம். பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். கடையில் தாமே வாங்கி உண்ணும் வலி மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இரத்த அழுத்தத்தை உயர்த்தும். பெயர் தெரியாத பொட்டலச் சூரணத்தை உண்டு இரண்டே நாளில் வலி பறந்தது என்பாருண்டு. அத்தகைய சிலவற்றில் கடுமையான மருந்துகள் கலந்திருக்கக்கூடும் என்பதை மறத்தலாகாது. எல்லாம் செய்தும் பயனின்றி, இரவும் உறங்கவொட்டாத அளவிற்கு மூட்டு சிதைந்தவர்க்கு மூட்டு மாற்று அறுவை உண்டு. அரசு மருத்துவமனைகளிலும் அது செய்யப்படுகின்றது. அந்நிலை வரும்வரை காத்திராமல், அதனைத் தள்ளிப்போடும் வலிமையைத் தசைக்குத் தருவதே நாம் செய்யத்தக்கது.

சங்கத்தின் கடமை

ஒருவர் தனியே பயிற்சி செய்யத் தொடங்கினால் இரண்டு வாரத்தில் விட்டுவிடுவார். பத்துப் பேர் சேர்ந்து செய்தால் ஒருவர் வராவிடில் மற்றவர் கேட்பர். கூட்டுறவின் உயிர்நாடியே இதுதானே! 1904ஆம் ஆண்டு திருவள்ளூரை அடுத்த திரூரில் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் அமைந்தபோது, தனித்து நின்றால் கடன்காரனிடம் தோற்கும் உழவர் கூடி நின்றால் வெல்வர் என்பதே அதன் கருத்து. வலி என்னும் கடன்காரனிடத்தும் அதே முறை செல்லும்.

தமிழ்நாட்டரசு 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வேண்டியவர்க்கு இயன்முறைச் சிகிச்சையாளர் இல்லத்திற்கே வந்து உதவும் ஏற்பாடும் உண்டு. சங்க நிர்வாகிகள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகி, அச்சிகிச்சையாளரை மாதம் ஒருமுறை சங்கக் கூடத்திற்கு வரவழைக்க வேண்டுகோள் விடுக்கலாம். வாரத்தில் இரண்டு மாலைகள் உறுப்பினர்கள் கூடிப் பயிற்சி செய்யலாம். சங்க அலுவலகப் படிகளுக்கு ஒரு கைப்பிடி அமைத்தல், கூட்டங்களில் முதியோர்க்கு நாற்காலி இடுதல் ஆகியவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. படி ஏறமாட்டாமல் பொதுக்கூட்டத்திற்கு வராத உறுப்பினரை 'அக்கறையற்றவர்' என்று எழுதுவதற்குமுன் நம் படிகளை நாம் ஒருமுறை பார்த்துக்கொள்வோமாக. இதனை மற்றவர்க்குக் கூறுவதைவிட எனக்கே முதலில் கூறிக்கொள்கின்றேன்.

அம்மையாரின் முடிவு

பத்து நாட்களுக்குப் பின் தளவானூருக்கு மீண்டும் சென்று, நான் அறிந்தவற்றை அம்மையாரிடம் கூறினேன். பிரான்சு நாட்டுக் கணக்கையும் மறைக்காமல் சொன்னேன். கடன் வேண்டுமாயின் தடையில்லை, முடிவு அவருடையதே என்றும் சொன்னேன். சிறிது நேரம் வளையலைத் திருப்பிக்கொண்டிருந்தவர், "மூன்று மாதம் பார்க்கிறேன் ஐயா. வளையல் எங்கே போய்விடப்போகிறது?" என்றார். சுகாதார நிலையத்தில் காட்டி, பயிற்சிகளைக் கற்றுக்கொண்டார். மருமகள் நாள்தோறும் நொச்சி ஒற்றடம் கொடுத்தார். அண்டை வீட்டுப் பெண்கள் மூவர் துணை சேர்ந்தனர்.

மூன்று மாதம் கழித்துச் சென்றேன். வலி முழுதும் போய்விட்டதா என்று கேட்டேன். போகவில்லை என்றார். குளிர்ந்த காலைகளில் முட்டி இன்னும் விறைக்கின்றதாம். நெடுநேரம் குந்த இயலவில்லையாம். ஆயினும் முக்காலியில் அமர்ந்து அரைநாள் மல்லாட்டை ஆய்கின்றார், ஒரு கூலியாளுக்குப் பதில் தாமே நிற்கின்றார், இரவில் உறங்குகின்றார். அன்று அவர் அலுவலகப் படியைக் கையூன்றாமல், ஒரு படிக்கு ஒரு கால் வைத்து ஏறி வந்ததை நானும் செயலாளரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வெந்நீர் ஊற்றையும் ஒரு தடவை பார்க்கத்தான் வேண்டும் ஐயா. சாமி கும்பிட்டு முழுகிவிட்டு வரலாம். ஆனால் மல்லாட்டை விற்ற காசில் போவேன், வளையலை வைத்துப் போகமாட்டேன்" என்று அவர் கூறினார்.

அவருடைய நகைக்கடன் மனு இன்னும் கோப்பில் இருக்கின்றது. அதன்மேல் "உறுப்பினரே திரும்பப் பெற்றுக்கொண்டார்" என்று செயலாளர் எழுதினார். அதன்கீழ் நான் கையொப்பமிட்டேன். பழைய ஆரணிப் பக்கத்துத் தறியின் குறிப்பை இவ்வாறு திருத்த எனக்கு இனி வழியில்லை. உறுப்பினர்களே, உங்கள் ஊரில் ஓடாத தறி ஒன்றோ, தரிசாய்க் கிடக்கும் காணி ஒன்றோ கண்ணில் படுமாயின், அதற்கு உரியவரை ஒருமுறை சென்று பாருங்கள். அவர் எழுந்து வந்து வரவேற்கின்றாரா, அல்லது இருந்த இடத்திலிருந்தே கைகூப்புகின்றாரா என்பதைக் கவனியுங்கள்.